கல்லாளனுக்குப் பத்துச்சீட்டு

ஊசிப்பாறைக் காலனிக்கு மேலே ஒரு மலைச்சரிவு இருக்கிறது. இருந்தது என்று எழுத வேண்டும், பழக்கம் விடமாட்டேன் என்கிறது. அந்தச் சரிவைப் பதினோரு வருடம் ஓர் ஆள் தோள் கொடுத்துத் தாங்கினான். பெயர் கல்லாளன். காகிதத்தில் வரைந்த ஆள்தான். அவனை வரைந்தவன் சேனாதிபதி. அச்சடித்து ஊருக்குள் விட்டவன் நான். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்புறம் யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

என் பெயர் முருகானந்தம். செண்பகனூரில் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் அடிவாரத்தில் கன்னிவாடி. பெண் எடுத்த ஊர் என்று மலையேறி வந்து முப்பது வருடம் ஆகிறது, குளிர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். ஆதார் அட்டையைக் கசக்கி ஈரக் கையோடு நீட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஒரு நாளும் அப்படி நீட்டாத ஆள் சேனாதிபதி. தாள்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையைத் துண்டில் சுற்றி, துண்டை மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு வருவான். மலைச்சாலையில் சாலைப் பணியாளர் வேலை. மழையில் விழுகிற மண்ணை அள்ளுவது, அடைத்துக்கொண்ட ஓடையைத் திறந்துவிடுவது, சாய்ந்த மரத்தை வெட்டி ஓரங்கட்டுவது, இதுதான் சோலி. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து ஆறு வயதில் கப்பலேறி வந்தவன். ஊசிப்பாறைக் காலனியின் முப்பத்தோரு வீடும் அப்படி வந்த குடும்பங்கள்தான். கேரட் கழுவுவதும் பீன்ஸ் பறிப்பதும் ஓட்டலில் அறை கூட்டுவதுமாகப் பிழைக்கிற சனம். தோட்டத்துச் சொல் ஒன்றிரண்டு அவர்கள் பேச்சில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கும். முடியாது என்பதற்கு ‘ஏலாது’ என்பார்கள். நாலு பேர் ஓரிடத்தில் கூடி நின்றால் ‘என்ன, பெரட்டா?’ என்று கேலி செய்வார்கள். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயராம்.

கல்லாளன் முதல் புத்தகம் இரண்டாயிரத்து ஆறில் வந்தது. இருபத்து நாலு பக்கம், கறுப்பு வெள்ளை, நடுவில் இரண்டு பின். கல்லாளன் மண் அள்ளுகிற ஆள். முகத்தைத் துண்டால் சுற்றியிருப்பான், கண் மட்டும் தெரியும். மலை சரிகிற இடத்துக்குப் போனால் அவன் உடம்பு கல்லாக இறுகிவிடும். எதிரியின் பெயர் கரையான் துரை. மலைக்குள் புகுந்து வேரையும் பாறையையும் அரித்து உள்ளே பொக்கையாக்கிவிட்டு, மேலே மட்டும் பச்சைப் பசேலென்று விட்டுவைக்கிற படுபாவி. கல்லாளன் ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் உண்மைப் பெயர் என்ன, துண்டுக்குள் இருப்பது யார் முகம் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு இந்த மாதிரிச் சமாச்சாரமெல்லாம் பிடிக்காது. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, பக்கங்களை அடுக்கும்போது நின்று படித்து முடித்துவிட்டுத்தான் பின் அடிப்பேன். கிளாவரை பஸ்ஸில் ஏறிக் கடைசி ஊர்வரைக்கும் போய் விற்றது அந்தப் புத்தகம்.

பதினெட்டாவது புத்தகத்தில் கரையான் துரை ஊசிப்பாறை மலையின் அடிவேரையே தின்றுவிட்டு ஓடிப்போகிறான். மலை முன்னால் சாய்கிறது. கீழே காலனி, நிஜத்தில் இருக்கிற அதே முப்பத்தோரு வீடு, அதே தண்ணீர்த் தொட்டி. கல்லாளன் ஓடிவந்து தோளைக் கொடுக்கிறான். கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம். குனிந்த முதுகு, அதற்கு மேல் மலை. ஓரத்தில் ‘தொடரும்’. அது இரண்டாயிரத்துப் பதிமூன்று, கார்த்திகை மாதம்.

அந்தப் புத்தகத்தைச் சேனாதிபதியும் நானும் கடையில் அடுக்கிக்கொண்டிருந்த காலையில் நல்ல மழை. ஊசிப்பாறை வளைவில் மண் விழுந்து சாலை அடைத்துவிட்டது, வா என்று போன் வந்தது. சேனாதிபதியின் முறை அது. அவனோடு வேலை பார்த்த சுப்பையா அன்று என் கடையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதே காலனிக்காரர், வயதில் மூத்தவர். நீ புத்தகத்தை முடி, நான் போகிறேன் என்று அவனை உட்காரவைத்துவிட்டு மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். விழுந்த மண்ணை அவர் அள்ளிக்கொண்டிருக்கையில் மேலிருந்து இரண்டாம் தடவை மண் வந்து அவரை மூடிவிட்டது. செய்தி வந்தபோது சேனாதிபதி கையில் என் ஸ்டேப்ளர் இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டுப் போனவன், அப்புறம் படமே வரையவில்லை. எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். “ஏலாதுண்ணே” என்பான். அதோடு சரி.

இப்படித்தான் கல்லாளன் மலைக்கடியில் மாட்டிக்கொண்டான்.

முதல் இரண்டு வருடம் படித்தவர்கள் என்னை அரித்தெடுத்தார்கள், அடுத்தது எப்போது, அடுத்தது எப்போது என்று. அப்புறம் கேட்பது நின்றது. நின்றது நல்லதென்று நினைத்தேன். அங்கேதான் நான் மடையன். கேட்காமல் போனதற்குக் காரணம் வேறு. சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கோ மண் சரிந்தது, ஊசிப்பாறையில் மட்டும் சரியவில்லை. கஜா புயலில் மரமெல்லாம் சாய்ந்து கிடந்த வாரத்தில்கூடக் காலனிக்கு மேலே ஒரு கூடை மண் விழவில்லை. கல்லாளன் இன்னும் கையை எடுக்கவில்லையல்லவா என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். விளையாட்டு எத்தனை நாளைக்கு விளையாட்டாக இருக்கும்? அந்த வளைவில் பஸ் திரும்பும்போது பெண்கள் தாலியைத் தொட்டுக்கொண்டார்கள். ஜீப் ஓட்டுகிற யோகேஷ், சின்ன வயதில் ஒரு புத்தகம் விடாமல் வாங்கியவன், சாலையோரத் தடுப்புச் சுவரில் கல்லாளனை ஆளுயரத்துக்கு வரைந்துவிட்டான். அதற்கு முன்னால் பூ வைக்க ஆரம்பித்தது சின்னத்தாய்.

சின்னத்தாய் சுப்பையாவின் மனைவி. கேரட் கழுவுகிற வேலை. பதினாலு வயதுவரை தோட்டத்தில் வளர்ந்தவள், ஐந்தாவது படித்தவள், கண்டிப்பான பேச்சு. துண்டுக்குள் இருப்பது தன் புருஷன்தான் என்று அவள் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாள். மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? எனக்கே வரவில்லை.

போன வருடம் ஐப்பசியில் சேனாதிபதி கடைக்கு வந்தான். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. பத்தொன்பதாவது புத்தகம் போடப் போகிறேன், அதோடு கதை முடிகிறது என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னடா திடீரென்று என்று கேட்டேன். என்னோடு வாங்க என்று கூட்டிக்கொண்டு போனான்.

சரிவின் உச்சியில் புல்லுக்கு நடுவே ஒரு பிளவு ஓடியது. நீளம் நூறடி இருக்கும், அகலம் என் உள்ளங்கை போகிற அளவு. சாலைக்காரர்கள் இந்த மாதிரிப் பிளவைக் கண்டால், குறுக்கே பாறை தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு கை சிமெண்டை அப்பி, காய்வதற்குள் ஆணியால் தேதி கீறிவிடுவார்கள். சிமெண்டு முழுதாக இருந்தால் மலை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். உடைந்தால் நகர்கிறது என்று அர்த்தம். சேனாதிபதி யாரும் சொல்லாமலே ஏழு இடத்தில் அப்பியிருந்தான். முதலாவதில் சித்திரை மாதத் தேதி, அது ஆவணியில் உடைந்ததாம். இரண்டாவது புரட்டாசியில். நான் போன அன்று ஐந்து உடைந்து கிடந்தன. ஐந்தாவது அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் அப்பியது. என் கண்ணெதிரே ஒரு கூழாங்கல் தானாக உருண்டு பிளவுக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. பத்தடி தள்ளி எப்போதும் வழிந்துகொண்டிருக்கிற ஊற்று பத்து நாள் செம்மண்ணாக வந்து, அப்புறம் நின்றே போய்விட்டது என்றான். கீழே மேகத்துக்குள்ளிருந்து காலனிச் சேவல் கூவியது.

அவன் மேலிடத்தில் சொல்லாமல் இல்லை. சொல்லி, அவர்களும் வந்து பார்த்து, வீட்டைக் காலி செய்து மேலே பள்ளிக்கூடத்தில் தங்குங்கள் என்று நோட்டீஸ் கொடுத்தாயிற்று. காலனிக்காரர்கள் மரியாதையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் உலை வைத்தார்கள். கல்லாளன் இருக்கும்போது எதற்குப் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் படுக்க வேண்டும்?

அப்போது சேனாதிபதி சொன்னதை நான் மறக்கவில்லை. “நான் வரஞ்சதை நம்பித்தாண்ணே அம்புட்டு சனமும் அதுக்கடியில கெடக்கு. நிக்க வச்சவன் நானு. நாந்தான் எறக்கி விடணும்.”

மூடி மறைக்க முடியுமா இதையெல்லாம்? கதை முடியப் போகிறது என்பது ஒரே வாரத்தில் காலனிக்குத் தெரிந்துவிட்டது. யோகேஷ் பத்துப் பேரோடு கடைக்கு வந்தான். நல்ல பையன், எப்போதும் சிரித்த முகம். அன்று சிரிக்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு பேசினான்.

“சேனாதி மாமா என்ன வேணாலும் வரையட்டும்ணே. நீங்க அடிக்காதீங்க. அவன் கைய எடுத்த அன்னைக்கு மலை எறங்குச்சுன்னா, மொதல்ல இங்கதான் வருவோம்.”

நானும் பதிலுக்குக் கத்தினேன். மலை இறங்கினால் நீ எங்கேயடா வருவாய், உன்னையல்லவா தோண்டி எடுக்க வேண்டும் என்று. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. மறுநாள் கடையின் பூட்டில் யாரோ மண்ணை அப்பிவைத்திருந்தார்கள். ஈர மண், ஊசிப்பாறைச் சிவப்பு. ஊசியால் கிளறி எடுக்க அரை மணி நேரம் ஆனது.

மழை நிற்காமல் பெய்தது. சேனாதிபதி பகலெல்லாம் சாலையில் நின்றுவிட்டு வந்து வரைந்தான். ஆறாவது சிமெண்டு உடைந்தது என்று ஒரு நாள் போனில் சொன்னான். அதோடு போனை வைத்துவிட்டான். கார்த்திகை பிறந்து நாலாம் நாள் உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே இருபத்து நாலு பக்கமும், தனியாக ஒரு சின்னத் தாளும், ஒரு குறிப்பும் இருந்தன. முப்பத்தோரு பிரதி போதும், வீட்டுக்கு ஒன்று என்றான். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டான்.

குறிப்பில் இப்படி எழுதியிருந்தது: ‘கடைசிப் பக்கத்துக்குப் பின்னாடி பத்துச்சீட்டு வரணும்.’ தனித்தாளில் கட்டம் போட்ட ஒரு சீட்டு வரைந்திருந்தது. ‘பெயர்’ என்று எழுதிப் புள்ளிக் கோடு. அதற்குக் கீழே, ‘வேலை முடிந்தது. இவர் போகலாம்.’

பத்துச் சீட்டு வர வேண்டும், அவ்வளவுதானே? சீட்டைப் பத்துப் பத்தாக ஜெராக்ஸ் எடுத்து, வெட்டி, ஒவ்வொரு புத்தகத்துக்குப் பின்னாலும் பத்துப் பத்தாகச் சேர்த்துப் பின் அடித்தேன். முந்நூற்றுப் பத்துச் சீட்டு. எதற்கு இத்தனை என்று எனக்கே எரிச்சல்தான். இந்தப் பைத்தியக்காரன் கேட்டால் காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பின் அடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஜீப் நின்றது. யோகேஷ். தனியாகத்தான் வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று கட்டிங் மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவன் கண் அட்டையில் விழுந்தது. பதினோரு வருடம் காத்திருந்தவன் அல்லவா, கை தானாகப் போய் எடுத்தது. நின்றபடியே படித்தான்.

முதல் ஆறு பக்கத்தில் கல்லாளனின் முதுகு மட்டும்தான். அதில் பாசி படர்கிறது. தோளில் குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பறந்துபோகிறது. கால் முட்டி நடுங்க ஆரம்பிக்கிறது. ஏழாம் பக்கத்தில் அவன் வாயைத் திறக்கிறான். பதினெட்டுப் புத்தகத்தில் பேசாத ஆள், “எல்லாரும் வெளிய வந்தாச்சா?” என்று கேட்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை. கீழே வீடுகளில் புகை வந்துகொண்டிருக்கிறது, குழந்தைகள் விளையாடுகின்றன. “நான் தாங்கினது நீங்க இருக்கிறதுக்கில்ல, போறதுக்கு” என்கிறான். அப்புறம் பக்கம் பக்கமாகக் காலனி வெளியே வருகிறது. ஒவ்வொரு வீடாக வரைந்திருந்தான். அடுப்பைத் தூக்கிக்கொண்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. யோகேஷின் வீடும் இருந்தது, ஜீப்போடு. கடைசி ஆள் வந்ததும் கல்லாளன், “அப்ப என் பேருக்குப் பத்துச்சீட்டு எழுதுங்க, நான் போறேன்” என்கிறான். தோளை எடுக்கிறான். காலி வீடுகள் மேல் மலை இறங்குகிறது, கரையான் துரை அதற்குள்ளேயே புதைகிறான். கடைசிப் படத்தில் கல்லாளன் சாலையில் நடந்து போகிறான். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருக்கிறான். முதுகுதான் தெரிகிறது. ‘தொடரும்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘முற்றும்’.

யோகேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். நான் இருமிச் சமாளித்தேன். எத்தனையோ தொடர்கதை முடிவதைப் பார்த்திருக்கிறேன், பாதிக்கு மேல் ஏமாற்றம்தான். இது வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. “பதினோரு வருசமா அந்தாளு கால் நடுங்கிக்கிட்டு நின்னுருக்கான், நாம கீழ உக்காந்து சோறு தின்னுருக்கோம்ணே” என்றான் யோகேஷ். முப்பத்தோரு புத்தகத்தையும் அவனே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் சேனாதிபதி வந்து கடையில் வெட்டுப் பிசகிக் கிடந்த சீட்டுகளைப் பார்த்தான். என்னவென்று கேட்டான். நீ கேட்ட பத்துச் சீட்டு என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் விளக்கினான். பத்துச்சீட்டு என்பது பத்துச் சீட்டு அல்ல. பற்றுச்சீட்டு. தோட்டத்து ஆள் ஒருவர் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்போது, இவர் வேலை தீர்ந்தது, போகலாம் என்று மேனேஜர் துரை எழுதிக் கொடுக்கிற ஒற்றைத் தாளுக்கு அதுதான் பெயர். கல்லாளனுக்கென்று ஒரே ஒரு சீட்டு, படிக்கிறவர்களே அதில் அவன் பெயரை எழுதிக்கொள்ளட்டும் என்று கோடிட்ட இடம் விட்டிருக்கிறான். நான் பத்து அடித்துக் கெடுத்துவிட்டேன். நான் என்ன சிலோனிலா பிறந்தேன், பாதாளத்திலா பிறந்தேன், விவரமாக எழுதித் தொலைக்க வேண்டியதுதானே என்று பதிலுக்குச் சத்தம் போட்டேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தால் எனக்குச் சத்தம் கூடுதலாகத்தான் வரும்.

மறுநாள் காலையில் முதல் குடும்பம் சாமான் மூட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கையில் நாலு சீட்டு. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு சீட்டில் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். ‘வேலை முடிந்தது. இவர் போகலாம்.’ ஒரு சீட்டு என்றால் அது கல்லாளனுக்கு என்று விளங்கியிருக்கும். பத்துச் சீட்டு வந்ததால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கல்லாளன் விடுதலை கொடுக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். அது இல்லாமல் கிளம்பக் கூடாது போல என்று பயந்து எழுதிக்கொண்டும் வந்துவிட்டார்கள். சேனாதிபதி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து வாங்கி வாங்கிப் போட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கமாக இருந்தது.

மத்தியானத்துக்குள் முப்பது வீடு காலி. சின்னத்தாய் வரவில்லை.

அவளைக் கூட்டிவரச் சேனாதிபதி போனான், நானும் அவனோடு போனேன். மழைக்கு அவள் வாசல் ஓட்டுக்கடியில் ஒதுங்கி நின்றேன். வீட்டுப் பின்சுவரில் புதிதாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கதவு நிலையில் சேராமல் சாய்ந்து நின்றது. சுற்றிலும் காலி வீடுகள், ஒரு சத்தமில்லை. சேனாதிபதி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தான். பதினோரு வருடம் முழுங்கியதை அன்று சொன்னான்.

“மதினி, அன்னைக்கு அது என் முறை. நான் புத்தகம் அடிக்க உக்காந்துட்டேன். அண்ணன் எனக்குப் பதிலாத்தான் போனாரு. அவரு மலையத் தாங்கல மதினி. மலை அவரு மேல விழுந்துச்சு.”

“தெரியும்” என்றாள் சின்னத்தாய். “டீ குடிச்சுட்டுப் போன் பண்ணுனாரு. சேனாதிக்குப் பதிலாப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.”

அவன் அழுகிற சத்தம் கேட்டது. அவள் சொன்னாள். “அந்தச் செவுத்துல இருக்கிறாருன்னு நெனச்சா, அவரு எங்கன்னு கேட்டா கை காட்ட ஒரு எடம் இருந்துச்சு தம்பி. கைய எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டியே. எங்க போவாரு?”

“அது எனக்கு விளங்கல மதினி. நீங்க இதுக்கடியில இருக்கிறதை மட்டும் என்னால பாக்க ஏலாது.”

பின்சுவரிலிருந்து ஒரு பிடி காரை பெயர்ந்து பாத்திரத்தில் விழுந்தது. அவள் எழுந்து அந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்துத் துடைத்து வைத்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், பேனா கேட்டாள், நான் கொடுத்தேன். திரும்பி வந்து மடித்த சீட்டைச் சேனாதிபதி கொண்டுவந்திருந்த டப்பாவில் போட்டுவிட்டு, எங்களோடு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாய்ந்த கதவைத் தோளால் முட்டித்தான் சாத்த முடிந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். பள்ளிக்கூடத்தில் சனம் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தது, நான் போர்வைகள் கொண்டுபோயிருந்தேன். மேகம் கண்ணை மறைத்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. ஜல்லி லாரி கொட்டுகிற சத்தம் கேட்டது. கொட்டி நிற்க வேண்டுமே, நிற்கவில்லை. சத்தம் ஓய்ந்ததும் பச்சை மண்வாசம் வகுப்பறைக்குள் வந்தது. யாரும் அழவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் அப்படியே இருந்தார்கள்.

தீயணைப்பு ஆட்கள் வந்து, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார்கள். டப்பா என்னிடம் இருந்தது, எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது சீட்டு. தலையை எண்ணினார்கள், வளைவில் நிற்கிற சேனாதிபதியையும் யோகேஷையும் சேர்த்து நூற்றுப் பதினெட்டு. மறுபடி எண்ணினார்கள், அதே நூற்றுப் பதினெட்டு. கோழிக்குத் தீனி போட இரண்டு நாளாக ஆட்கள் திருட்டுத்தனமாகக் கீழே போய் வந்துகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். ஒருவரையொருவர் பார்த்தார்கள். தீயணைப்பு ஆட்கள் இடுப்பில் கயிறு கட்ட ஆரம்பித்தார்கள்.

அதற்குள் யோகேஷ் மூச்சிரைக்க ஓடிவந்தான். சேனாதிபதி வளைவில் வண்டிகளை மறித்து நின்றிருக்கிறான். ஓர் ஆள் குறைகிறது என்ற பேச்சு அவன் காதுக்குப் போனதும், கயிறு கிடைக்கும்வரை காத்திருக்காமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறானாம். மேலே இன்னும் கல் உருள்கிறதாம். பிடித்தால் உதறிவிட்டு, இது என் முறை, இது என் முறை என்கிறானாம்.

அந்த நூற்றுப் பத்தொன்பது என் தப்பில் வந்த கணக்கு. பெஞ்சு மேல் ஏறி நின்றேன். பெயர் கூப்பிடுகிறேன், இருக்கிறவர்கள் குரல் கொடுங்கள் என்று கத்தினேன். டப்பாவைக் கவிழ்த்துச் சீட்டு சீட்டாகப் பிரித்தேன். சனம் சொல்லாமலே சுவரோரமாக வரிசையில் நின்றது. வடிவு என்றேன், ஆமாம் என்றது ஒரு குரல். சந்தோஷ்குமார், ஆமாம். சுமலதா, ஆமாம். அவசரத்தில் ஒரு தாள் கிழிந்தது. அறுபது, எழுபது, தொண்ணூறு. சின்னத்தாய் என்றேன். அவள் ஆமாம் என்றாள். அதோடு சேர்த்து மடித்த இன்னொரு சீட்டு இருந்தது. பிரித்துப் படித்தேன், படித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று உறைத்தது.

“சுப்பையா.”

ஓட்டில் மழை விழுகிற சத்தம்தான். சின்னத்தாய் வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். தோட்டத்துப் பெரட்டில் வராத ஆளுக்கு வீட்டார் பதில் சொல்கிற மாதிரி, நிமிர்ந்து நின்று சத்தமாகச் சொன்னாள்.

“அவரு பேரை வெட்டிருங்க. பத்துச்சீட்டு குடுத்தாச்சு.”

யோகேஷ் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான். அவன் போய்ச் சொன்னபோது சேனாதிபதி முழங்காலளவு சேற்றில் இருந்தானாம். யாருடைய சீட்டு என்று கேட்டானாம். யோகேஷ் சொன்னானாம். மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்து சாலையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து மறுபடி வந்தது. மண்வெட்டியும் போயிற்று, கல்லாளன் நின்ற தடுப்புச் சுவரும் போயிற்று.

சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு வந்தான், இடுப்புவரை சிவப்பு மண். நான் அந்தச் சீட்டை எடுத்து நீட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். ‘பெயர்: சுப்பையா. வேலை முடிந்தது. இவர் போகலாம்.’ கல்லாளனின் உண்மைப் பெயர் என்ன என்று பதினெட்டு வருடமாக ஊரே அவனைக் கேட்டிருக்கிறது, ஒருவருக்கும் அவன் சொன்னதில்லை. அந்தச் சீட்டை ரொம்ப நேரம் பார்த்தான்.

“பேரு சரியாத்தான் எழுதியிருக்காங்கண்ணே” என்றான். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையைத் துண்டில் சுற்றி, மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு, சின்னத்தாய் உட்கார்ந்திருந்த பக்கம் போனான்.